மோட்டார்ஹோமில் தொலைக்காட்சி: டிஷ்ஷா, சிம்மா?

வாசகர் கேள்வி, 3 பிப்ரவரி 2025

மோட்டார்ஹோம் வாங்கியிருக்கிறோம். கூரையில் தானாகவே செயற்கைக்கோளைத் தேடித் திரும்பும் டிஷ் பொருத்தியே ஆக வேண்டும் என்று விற்பனையாளர் வற்புறுத்துகிறார். என் மகனோ, இந்தக் காலத்தில் டிஷ் எதற்கு, ஒரு சிம் ரூட்டர் போதும், எல்லாம் இணையத்திலேயே வந்துவிடுகிறது என்கிறான். அவன் சொல்வதுதான் சரி என்று எனக்கும் படுகிறது. டிஷ்ஷின் காலம் முடிந்துவிட்டதுதானே?

3 பிப்ரவரி, இரவு

முடியவில்லை. அதற்காக விற்பனையாளர் பேச்சைக் கேட்டுக் கூரையில் துளை போட்டுவிடாதீர்கள். போட்ட துளை போட்டதுதான்.

நீங்கள் எதைப் பார்ப்பீர்கள் என்று எழுதவில்லை. செய்தி, விளையாட்டு, இரவுத் தொடர் என்று ஓடுகிற சேனலைப் போட்டுவிட்டு உட்காருகிறவரா? வேண்டியதைத் தேடி எடுத்துப் பார்க்கிறவரா? வண்டியை எங்கே நிறுத்துவீர்கள் என்றும் எழுதவில்லை. மரத்தடியிலா, வெட்டவெளியிலா, நூறு வண்டிகள் நெருக்கி நிற்கும் முகாமிலா? இந்த இரண்டும் தெரியாமல் யார் எந்தப் பெட்டியைப் பரிந்துரைத்தாலும் அது அவர்களுடைய கையிருப்பைக் காலி செய்யும் வழி. டிஷ்ஷுக்கு மரம் ஆகாது, சிம்முக்குக் கூட்டம் ஆகாது. மற்ற எல்லா விவரங்களும் இதற்குப் பிறகு.

4 பிப்ரவரி

மகன் பக்கத்தை முதலில் எடுத்துக்கொள்கிறேன், ஏனென்றால் பாதி வழக்கு அவனுக்குத்தான் ஜெயம். வரைபடம், வானிலை, வங்கி, வீட்டாருடன் வீடியோ அழைப்பு என்று இணையம் உங்களுக்கு எப்படியும் வேண்டும். ரூட்டர் வாங்கத்தான் போகிறீர்கள். அதை முதலில் வாங்கி, தொலைக்காட்சியும் அதிலேயே ஓடுகிறதா என்று ஒரு பருவம் பாருங்கள். ஓடினால் டிஷ் செலவு மிச்சம்.

ஆனால் டேட்டா கணக்கை அவன் போட்டானா என்று கேளுங்கள். ஹெச்டி தரத்தில் ஒரு மணி நேரத்துக்கு 3 ஜிபி வரை போகும். சாதாரணத் தரத்தில் 1 ஜிபி அளவில் நிற்கும். 4கே என்றால் 7 ஜிபி வரை. தினமும் 3 மணி நேரம் ஹெச்டியில் பார்க்கும் வீட்டில் மாதத்துக்கு 270 ஜிபி வரை கரைகிறது, அதுவும் ஒரே ஒரு திரைக்கு. டிஷ்ஷில் வரும் சேனலுக்கு இந்தக் கணக்கே இல்லை. யாரும் பார்க்காமல் நாள் முழுக்க ஓடினாலும் ஒரு பைட்கூடச் செலவாகாது. 'வரம்பற்ற' திட்டம் இருக்கிறதே என்றால், அதன் விதிமுறைகளில் நியாயமான பயன்பாடு என்று ஒரு வரி எங்கேயாவது பொடி எழுத்தில் இருக்கும். கைபேசியில் வரம்பற்றதாக இருக்கும் டேட்டாவுக்கு ஹாட்ஸ்பாட்டில் தனி வரம்பு வைக்கும் திட்டங்களும் உண்டு. சிம்மை ரூட்டரில் போடலாமா என்பதையும் வாங்கும் முன்பே படித்துவிடுங்கள்.

வண்டிக்குள் இருப்பது பெரும்பாலும் 24 அங்குலத் திரை. படுக்கையிலிருந்து பார்க்கும் தூரத்தில் 4கே வீண். செயலியின் அமைப்புகளில் தரத்தை 720பி-யில் நிறுத்திவிட்டால் கண்ணுக்கு வித்தியாசம் தெரியாது, டேட்டாவுக்குத் தெரியும்.

5 பிப்ரவரி

முகாமிலேயே இலவச வைஃபை இருக்கிறதே என்று ஒருவர் கேட்கிறார். இருக்கிறது. காலை ஐந்து மணிக்கு மிக நன்றாக இருக்கும்.

5 பிப்ரவரி, சற்றுப் பின்

கிண்டலோடு விட்டுவிட்டால் நியாயமில்லை, காரணத்தையும் எழுதிவிடுகிறேன். முகாமின் ஒரே இணைப்பை எல்லோரும் பங்கு போடுகிறார்கள். சிம்முக்கும் அதே கதைதான். ஒரு டவரின் கொள்ளளவை அங்கே இருக்கும் எல்லோரும் பங்கு போட்டுக்கொள்கிறார்கள். மாலை ஏழு மணிக்கு மொத்த முகாமும் சமைத்து முடித்துத் திரையின் முன் உட்காரும்போது உங்கள் பங்கு சுருங்கிவிடுகிறது. கைபேசியில் ஐந்து கோடும் நிமிர்ந்து நிற்கும், படம் மட்டும் சுற்றிக்கொண்டே இருக்கும். அந்தக் கோடுகள் காட்டுவது டவர் எவ்வளவு உரக்கக் கேட்கிறது என்பதை. டவருக்கு உங்களைக் கவனிக்க நேரம் இருக்கிறதா என்பதை அவை காட்டுவதில்லை.

ஆகவே ஓர் இடத்தில் சிம் தாங்குமா என்று பார்க்க, போய்ச் சேர்ந்த மதியமே வேகச் சோதனை செய்து திருப்திப்பட வேண்டாம். இரவு எட்டரைக்குச் செய்யுங்கள். ஹெச்டிக்கு 5 எம்பிபிஎஸ் நிலையாக வந்தால் போதும். 'நிலையாக' என்பதுதான் முக்கியம். ஒரு நொடி 60, அடுத்த நொடி 1 என்று ஆடும் இணைப்பைவிட அசையாத 6 எவ்வளவோ மேல்.

டிஷ்ஷுக்கு இந்தத் தொல்லை கிடையாது. ஆயிரம் டிஷ் ஒரே செயற்கைக்கோளைப் பார்த்தாலும் யாருக்கும் குறையாது. ஒளிபரப்பு என்பதன் அழகே அதுதான்.

8 பிப்ரவரி

மரம் விஷயம். தெற்கு எங்கே, வானம் தெரிந்தால் சரி என்று பொதுவாகச் சொல்லிவிட்டுப் போகிறார்கள். அது போதாது.

தொலைக்காட்சிச் செயற்கைக்கோள்கள் நிலநடுக்கோட்டுக்கு நேர் மேலே 35,786 கிலோமீட்டர் உயரத்தில், பூமி சுழலும் அதே வேகத்தில் சுற்றுகின்றன. அதனால்தான் நமக்கு அவை வானத்தில் அசையாமல் நிற்பதாகத் தெரிகிறது. நிலநடுக்கோட்டுக்கு அருகே வசிப்பவருக்கு அது கிட்டத்தட்ட உச்சந்தலைக்கு மேல். விலகிப் போகப் போகத் தாழ்ந்துகொண்டே வரும். செயற்கைக்கோள் உங்களுடைய தீர்க்கரேகையிலேயே இருப்பதாக வைத்துக்கொண்டால், 10 பாகை அட்சரேகையில் அது 78 பாகை உயரத்தில் இருக்கும். 40 பாகையில் 44. 50 பாகையில் 33. 60 பாகையில் வெறும் 22. செயற்கைக்கோள் பக்கவாட்டில் விலகியிருந்தால் இன்னும் கீழே.

இதை மரமாக மாற்றிப் பார்ப்போம். செயற்கைக்கோள் 30 பாகையில் இருக்கிறது, எதிரே 10 மீட்டர் மரம். தரையில் வைத்த டிஷ் அந்த மரத்திலிருந்து குறைந்தது 17 மீட்டராவது தள்ளி இருக்க வேண்டும். 3 மீட்டர் உயரக் கூரையின் மேல் இருந்தால் 12 மீட்டர் போதும். உயரத்தால் கிடைக்கும் லாபம் இவ்வளவுதான். விற்பனையாளர் இதை மலையளவு ஆக்கிச் சொல்லியிருப்பார்.

இலையில்லாத குளிர்காலத்தில் சரியாக வந்த இடத்தில் கோடையில் படம் வராது. ஈர இலை இன்னும் மோசம். கிளைகளுக்கு நடுவே வானம் தெரிகிறதே என்று வாதாடிப் பயனில்லை, 11, 12 கிகாஹெர்ட்ஸ் அலைக்கு அந்த இடைவெளி போதாது.

9 பிப்ரவரி

ஒரு வாசகி கேட்டிருக்கிறார்: "கோடையில் நிழல் தேடித்தான் நிறுத்துகிறோம். அப்படியானால் கூரை டிஷ்ஷை வைத்து என்ன செய்வது?"

இந்த ஒரு கேள்விக்காகவே நான் கூரை டிஷ்ஷுக்கு எதிர்க்கட்சி. வெயில் காலத்தில் வண்டி நிழலில் நிற்க வேண்டும். டிஷ்ஷோ வெட்டவெளியில் நிற்க வேண்டும். இரண்டையும் ஒரே கூரையில் கட்டிவிட்டு, தினமும் ஒன்றுக்காக இன்னொன்றை விட்டுக்கொடுக்கிறோம். முக்காலியில் நிற்கும் டிஷ் என்றால் வண்டி மரத்தடியில் கிடக்கட்டும், டிஷ்ஷை 10 மீட்டர் கேபிளோடு வெயிலில் கொண்டுபோய் வைத்துவிடலாம்.

இன்னொன்றும் உண்டு. கூரையில் நிமிர்ந்து நிற்கும் டிஷ் பக்கத்து சோலார் பேனலின் மேல் நிழல் போடும். பேனலின் ஒரு மூலையில் விழும் நிழல் அந்த மூலையின் உற்பத்தியை மட்டும் குறைப்பதில்லை, செல்கள் தொடராகக் கோக்கப்பட்டிருப்பதால் முழு வரிசையையும் இழுத்துப் பிடிக்கும்.

குமிழ் மூடிக்குள் ஒளிந்திருக்கும் வகை பார்க்க அழகு, காற்றுக்கும் அசையாது. ஆனால் உள்ளே இருக்கும் டிஷ் சிறியது. செயற்கைக்கோள் கற்றையின் (அதன் சிக்னல் விழும் பரப்பின்) நடுப்பகுதியில் சரியாக வரும், ஓரத்துக்குப் போனால் கைவிடும். 60 செ.மீ. டிஷ்ஷைவிட 85 செ.மீ. டிஷ் இரண்டு மடங்கு சிக்னலைப் பிடிக்கிறது. பரப்பளவுக் கணக்கு, வேறு மந்திரம் இல்லை.

12 பிப்ரவரி

"முக்காலி டிஷ்ஷைச் சரிசெய்ய ஒரு மாலையே போய்விடுகிறது, அதற்குப் பயந்துதான் தானியங்கி வாங்கினேன்" என்று ஒருவர் எழுதியிருக்கிறார். மாலை போவது டிஷ்ஷால் அல்ல, அவசரத்தால். நான் செய்யும் முறையை விளக்கமாகவே எழுதுகிறேன்.

கம்பம் செங்குத்தாக நிற்க வேண்டும். ரசமட்டம் வைத்துப் பாருங்கள். கம்பம் சாய்ந்திருந்தால் டிஷ்ஷைத் திருப்பத் திருப்ப உயரக்கோணமும் மாறிக்கொண்டே போகும். பிறகு இரவு முழுக்கத் தேடலாம்.

திசைகாட்டியை வண்டியின் அருகே நின்று பார்க்காதீர்கள், இரும்பு முள்ளை இழுத்துவிடும். நாலைந்து எட்டு தள்ளி நின்று பாருங்கள். கைபேசித் திசைகாட்டிக்கும் இதே விதி.

டிஷ் வானத்தை அண்ணாந்து பார்க்க வேண்டும் என்று எண்ணி மல்லாக்கச் சாய்க்கிறவர்கள் ஏராளம். நாம் பயன்படுத்துவது பெரும்பாலும் ஆஃப்செட் வகை, அதன் பார்வை தட்டின் முகத்துக்கு நேராக இருக்காது, இருபது பாகைக்கு மேல் உயர்ந்திருக்கும். அதாவது டிஷ் சுவர் போல நேராக நிற்கும்போதே அது வானத்தைத்தான் பார்த்துக்கொண்டிருக்கிறது. தாழ்ந்த கோணங்களில் அது குனிந்திருப்பது போலக்கூடத் தோன்றும். சந்தேகப்படாமல் பின்பக்கத்து அளவுகோலில் இருக்கும் எண்ணை நம்புங்கள்.

இப்போது திருப்ப வேண்டும். செட்-டாப் பாக்ஸ் சிக்னலை அளந்து திரையில் காட்ட ஓரிரு நொடி எடுக்கும். நீங்கள் சரசரவென்று திருப்பினால் செயற்கைக்கோளைக் கடந்து போன பிறகுதான் திரையில் கோடு எழும். ஒரு விரல்கடை திருப்பி, கையை எடுத்துவிட்டு, மூன்று எண்ணுங்கள். இல்லையென்றால் இன்னொரு விரல்கடை. வெளியே நான், உள்ளே மனைவி, நடுவில் ஜன்னல் வழியாக "வந்துவிட்டது... போய்விட்டது... இப்போது இருந்ததே, ஏன் அசைத்தீர்கள்?" என்கிற உரையாடலை நாங்கள் நன்றாகவே ஒத்திகை பார்த்திருக்கிறோம். பிறகு கேபிளின் நடுவே பொருத்தும் சிறிய சிக்னல் மீட்டர் ஒன்று வாங்கினேன். வீட்டில் அமைதி.

திரையில் இரண்டு கோடுகள் இருக்கும், வலிமை என்றும் தரம் என்றும். வலிமை வெறும் வானத்தைக் காட்டினாலும் ஓரளவு நிற்கும், அது எல்என்பி (டிஷ்ஷின் முன்னால் கையில் நிற்கும் சிக்னல் வாங்கி) தானே போடும் இரைச்சல். தரம் எழுந்தால்தான் செயற்கைக்கோள். தரமும் முழுதாக எழுந்து சேனல் மட்டும் வரவில்லையா? பக்கத்துச் செயற்கைக்கோளைப் பிடித்திருக்கிறீர்கள். அவை சில பாகை இடைவெளியில் வரிசையாக நிற்கின்றன. மெதுவாகப் பக்கவாட்டில் நகருங்கள்.

கடைசியாக எல்என்பியைச் சற்று முறுக்கித் தரம் கூடுகிறதா என்று பாருங்கள். கிடைமட்ட, செங்குத்து அலைகளைப் பிரித்துப் பிடிக்கும் வகைக்கு இது அவசியம். வட்டச்சுழல் முறையில் ஒளிபரப்பும் சேவைகளுக்கு (வட அமெரிக்காவின் டைரக்ட் டிவி, டிஷ் நெட்வொர்க் போன்றவை) இந்த முறுக்கல் வேலையே இல்லை, கொடுத்துவைத்தவர்கள்.

பிடித்த பிறகு கால்களைச் சுற்றி அடையாளம் போட்டு, நடுவில் தண்ணீர்க் கேன் ஒன்றைத் தொங்கவிடுங்கள். இரவுக் காற்று நம் ரசமட்டத்தை மதிக்காது.

12 பிப்ரவரி, பின்னிரவு

இவ்வளவு நீளமாக எழுதியதைப் படித்துவிட்டு "இதனால்தான் தானியங்கி" என்று பதில் வரும் என்று தெரியும். முதுகு வலி, முழங்கால் வலி உள்ளவர்களுக்கும் தினம் ஓர் ஊர் என்று போகிறவர்களுக்கும் தானியங்கிதான் சரி. அவர்களிடம் நான் வாதாட மாட்டேன். வாங்கினால் இஞ்சினைக் கிளப்பியதும் தானாக மடங்கும் இணைப்பு இருக்கிறதா என்று மட்டும் கேட்டு வாங்குங்கள். டிஷ்ஷை நிமிர்த்தியபடியே சாலைக்குக் கிளம்பியவர்களின் படங்கள் எத்தனையோ சுற்றுகின்றன.

20 பிப்ரவரி

மகன் தரப்பிலிருந்து ஒரு புகார்: ரூட்டர் வாங்கியாகிவிட்டது, பகலில் நன்றாக இருக்கிறது, இரவானால் படுத்துவிடுகிறது. கூட்டமும் இல்லை, ஒற்றை வண்டிதான்.

இரவில் ஜன்னல்களுக்கு வெள்ளி நிற வெப்பத்தடுப்புத் திரை போடுகிறீர்களா? அதற்குள் அலுமினியத் தாள் இருக்கிறது. வண்டியின் உடம்பிலும் உலோகம் இருந்தால் சிக்னல் உள்ளே வர மிச்சமிருந்த வழி கண்ணாடி மட்டும்தான். அதையும் தாளால் மூடிவிட்டு டவரைக் குறை சொல்கிறோம். இன்று இரவு ஒரு பக்கத் திரையைக் கழற்றிப் பாருங்கள்.

நிரந்தர வழி, கூரையில் வெளி ஆன்டெனா. இரண்டு அல்லது நான்கு கேபிள் இறங்கும் மைமோ வகை வாங்குங்கள், எல்லாவற்றையும் செருகுங்கள். ஒன்றைச் செருகிவிட்டு மற்றதைச் சுருட்டி அலமாரிக்குள் வைத்திருந்த வண்டியை நான் பார்த்திருக்கிறேன். ஆன்டெனாவிலிருந்து ரூட்டருக்குப் போகும் கேபிள் எவ்வளவு குட்டையோ அவ்வளவு நல்லது. மெல்லிய நீளக் கேபிளிலேயே ஆன்டெனாவின் லாபம் கரைந்துவிடும். ரூட்டரைக் கூரைக்குப் பக்கத்து அலமாரியில் வையுங்கள்.

ரூட்டரின் அமைப்புப் பக்கத்தில் கோடுகளுக்குப் பதில் எண்கள் கிடைக்கும். ஆர்எஸ்ஆர்பி என்பது சிக்னலின் வலிமை, மைனஸ் 80 அருகில் இருந்தால் அருமை, மைனஸ் 110க்குக் கீழே போனால் திண்டாட்டம். எஸ்ஐஎன்ஆர் என்பது சிக்னலுக்கும் இரைச்சலுக்கும் உள்ள விகிதம், 20க்கு மேல் இருந்தால் சுத்தமான சிக்னல், பூஜ்யத்துக்குக் கீழே போனால் இரைச்சல்தான் ஜெயிக்கிறது. 700, 800 மெகாஹெர்ட்ஸ் அலைகள் தொலைதூரம் வரும், மரத்தையும் ஓரளவு ஊடுருவும், ஆனால் அவற்றின் கொள்ளளவு குறைவு. 5ஜியின் 3.5 கிகாஹெர்ட்ஸ் வேகம் கொடுக்கும், கொஞ்ச தூரத்திலேயே களைத்துவிடும். காட்டோரத்தில் நிற்கும்போது 5ஜி என்ற எழுத்தைத் துரத்தாமல் 4ஜியில் நிறுத்திப் பாருங்கள், சில இடங்களில் அதுவே நிலையாக இருக்கும்.

21 பிப்ரவரி

திரையைக் கழற்றியதும் சரியாகிவிட்டதாம். நல்லது. குளிருகிறதாம். அதற்கு என்னிடம் மருந்து இல்லை.

6 மார்ச்

"இரண்டு மூன்று நாளாகப் பகலில் ஒரே நேரத்தில் சில நிமிடம் படம் போய்விடுகிறது, வானம் துல்லியமாக இருக்கிறது, டிஷ் பழுதா?" என்று ஒருவர். பழுதில்லை, சூரியன். பகலும் இரவும் சமமாகும் நாட்களை ஒட்டி, வருடத்துக்கு இரண்டு முறை, சூரியன் செயற்கைக்கோளுக்கு நேர் பின்னால் வந்து நிற்கிறது. அதன் இரைச்சலில் செயற்கைக்கோளின் மெல்லிய குரல் அமுங்கிவிடுகிறது. சில நிமிடம், சில நாட்கள். ஒன்றும் செய்ய வேண்டாம்.

உண்மையில் இது நமக்கு உதவி. அந்த நிமிடங்களில் சூரியன் நிற்கும் இடம்தான் செயற்கைக்கோள் நிற்கும் இடம். வெயில் டிஷ்ஷின் மேல் தடையில்லாமல் விழுகிறதா, எந்தக் கிளையின் நிழல் குறுக்கே வருகிறது என்று பாருங்கள். இதைவிடத் துல்லியமான செயலி கிடையாது.

9 மார்ச்

ஸ்டார்லிங்க்கை ஏன் எழுதவில்லை என்று பலரும் கேட்டுவிட்டார்கள். தலைப்பிலேயே 'டிஷ்ஷா, சிம்மா' என்ற பிரிவைக் குழப்புகிற பெட்டி அது. செயற்கைக்கோள் வழியாக வருகிறது, ஆனால் வருவது இணையம்.

சுமார் 550 கி.மீ. உயரத்தில் ஓடிக்கொண்டே இருக்கும் செயற்கைக்கோள்கள். அதனால் தாமதம் மிகக் குறைவு. 35,786 கி.மீ. உயரத்திலிருந்து இணையம் எடுத்தால் ஒரு சொல் போய்ப் பதில் வர 600 மில்லி நொடிக்கு மேல் ஆகும், படம் பார்க்கப் பரவாயில்லை, பேசச் சிரமம். டவர் இல்லாத மலைப்பகுதிக்கும் பாலைவனத்துக்கும் ஸ்டார்லிங்க் உண்மையிலேயே விடை.

மரத்தோடு அதற்கும் பகைதான், பகையின் வகை வேறு. வழக்கமான டிஷ்ஷுக்கு வானத்தில் ஒரு புள்ளி திறந்திருந்தால் போதும். இதற்கு வானத்தின் பெரும்பகுதி திறந்திருக்க வேண்டும். ஓரத்தில் ஒரு மரம் இருந்தால் முழுதாக நின்றுவிடாது, செயற்கைக்கோள் மரத்துக்குப் பின்னால் போகும்போதெல்லாம் சில நொடி அறுந்து அறுந்து வரும். பதிவு செய்த படத்துக்கு அந்த நொடிகளைச் செயலி முன்கூட்டியே சேர்த்துவைத்ததைக் கொண்டு ஒப்பேற்றிவிடும். நேரலைக்கும் அழைப்புக்கும் ஒப்பேற்றாது.

பேட்டரியைக் கேளுங்கள். 2024இல் வந்த மினி வகை 25 முதல் 40 வாட் எடுக்கிறது. பெரிய வகை அதைப்போல் இரு மடங்கு. 12 வோல்ட்டில் 40 வாட் என்றால் 3.3 ஆம்பியர், மாலை 4 மணி நேரத்துக்கு 13 ஆம்பியர்-மணி. அதே நேரத்தில் சாதாரண டிஷ்ஷின் எல்என்பிக்கு ஓரிரு வாட் போதும், சிம் ரூட்டருக்குப் பெரும்பாலும் பத்து வாட்டுக்குள். மின்இணைப்பு உள்ள இடத்தில் நிற்பவருக்கு இது பொருட்டே இல்லை. காட்டில் சோலாரை நம்பி, மேகமூட்டமான மூன்றாம் நாளில் இருப்பவருக்கு இதுதான் முழுக் கணக்கும்.

22 மார்ச்

"பாதி சேனல்கள் வருகின்றன, பாதி வரவில்லை." இது டிஷ்ஷின் திசைக் கோளாறு இல்லை, திசையைத் தொடாதீர்கள்! செட்-டாப் பாக்ஸ் 13 வோல்ட் அனுப்பினால் எல்என்பி செங்குத்து அலையைப் பிடிக்கும், 18 அனுப்பினால் கிடைமட்டத்தை. கேபிள் மிக நீளமாக, மெல்லியதாக இருந்தாலோ, முனையில் ஈரம் ஏறியிருந்தாலோ 18 போய்ச் சேருவதற்குள் குறைந்துவிடும். கிடைமட்டச் சேனல்கள் அத்தனையும் காணாமல் போகும். முனையைக் கழற்றிப் பாருங்கள், வெளிப்பின்னலின் ஒரு மயிரிழைக் கம்பி நடுச் செம்பைத் தொட்டுக்கொண்டிருந்தால் இன்னும் மோசம், மொத்தமும் போய்விடும். செம்பு பச்சை பூத்திருந்தால் ஒரு விரல் நீளம் வெட்டிவிட்டுப் புது முனை போடுங்கள்.

14 ஏப்ரல்

எல்லை தாண்டிப் போகிறவர்களுக்காக. இங்கே டிஷ்ஷும் சிம்மும் இரண்டு விதமாகக் கைவிடும்.

செயற்கைக்கோளின் கற்றைக்கு விளிம்பு உண்டு. அந்த விளிம்பை ஒளிபரப்புகிறவர் வேண்டுமென்றே குறுக்கவும் செய்யலாம். பிரிட்டன் சேனல்கள் 28.2 பாகை கிழக்குத் தீர்க்கரேகைக்கு மேல் நிற்கும் செயற்கைக்கோள்களிலிருந்து வருகின்றன. அவற்றில் பல 2014இல் ஆஸ்ட்ரா 2இ செயற்கைக்கோளின் குறுகிய கற்றைக்கு மாறியபோது, ஸ்பெயினில் அதுவரை பார்த்துக்கொண்டிருந்த பலருக்கு ஓர் இரவில் திரை கறுத்தது. டிஷ் அதேதான், வண்டியும் அதேதான்.

சிம் பக்கத்தில் விளிம்பு என்பது சட்டம். ஐரோப்பிய ஒன்றியத்துக்குள் 15 ஜூன் 2017 முதல் ரோமிங் கூடுதல் கட்டணம் இல்லை, அதற்கும் நியாயமான பயன்பாட்டு வரம்பு உண்டு. பணம் கட்டிப் பார்க்கும் சேவைகளை ஒன்றியத்தின் வேறு நாட்டுக்குப் போனாலும் தற்காலிகமாகப் பார்க்கலாம் என்ற விதி 1 ஏப்ரல் 2018 முதல் நடப்பில் இருக்கிறது. இலவசச் சேவைகள் அதற்குக் கட்டுப்பட வேண்டியதில்லை. ஒன்றியத்துக்கு வெளியே பல நாடுகளில் இந்தப் பாதுகாப்பு இல்லை. செயலி திறக்கும், படம் மட்டும் "உங்கள் பகுதியில் கிடைக்காது" என்னும். விபிஎன் (நாம் வேறு நாட்டில் இருப்பதாகக் காட்டும் இணைப்பு) போட்டால் ஆயிற்று என்பவர்களுக்கு: சில நாள் வேலை செய்யும், பிறகு சேவை அதைக் கண்டுபிடித்து மூடும், பல சேவைகளின் விதிமுறைகளுக்கும் அது விரோதம்.

15 ஏப்ரல்

புறப்படும் முன் வீட்டு இணையத்திலேயே படங்களை இறக்கி வைத்துக்கொண்டால் இந்த விவாதமே வேண்டாமே என்கிறார் ஒருவர். சரியான யோசனை, நானும் செய்கிறேன். இறக்கியவற்றுக்குக் காலாவதி உண்டு, சில தலைப்புகள் பார்க்கத் தொடங்கிய 48 மணி நேரத்தில் மறைந்துவிடும் என்பதை மட்டும் நினைவில் வையுங்கள். பாதிப் படத்தில் தூங்கிவிட்டு மூன்றாம் நாள் மிச்சத்தைத் தேடாதீர்கள்.

11 மே

பிப்ரவரியில் 'சிம் முதலில்' என்று எழுதியதற்கு ஒரு நிபந்தனை சேர்க்கிறேன். விளையாட்டு பார்க்கிற வீட்டுக்கு அது பொருந்தாது.

நேற்று எங்கள் வண்டியில் ஆட்டம் சிம் வழியாக ஓடிக்கொண்டிருந்தது. பக்கத்து வண்டிக்காரரிடம் டிஷ். எங்கள் திரையில் பந்து இன்னும் நடுக்களத்தில் இருக்கிறது, அவருடைய வண்டியிலிருந்து கூச்சல் எழும்புகிறது. அரை நிமிடம் கழித்து எங்களுக்கு கோல் விழுகிறது. யார் அடிக்கப் போகிறார்கள் என்பது தெரிந்தபிறகு அந்த அரை நிமிடம் படும் பாடு இருக்கிறதே. காரணம் எளிது. செயற்கைக்கோள் ஏறி இறங்குவதற்குக் கால் நொடி, குறியாக்கத்துக்குச் சில நொடி, அவ்வளவுதான். இணைய நேரலையோ துண்டு துண்டாக வெட்டப்பட்டு, வழியில் பல இடங்களில் அடுக்கப்பட்டு, நம் பெட்டியிலும் சில துண்டுகள் சேர்ந்த பிறகே ஓடத் தொடங்குகிறது. அந்தச் சேமிப்புதான் தடங்கலிலிருந்து காக்கிறது, அதே சேமிப்புதான் பின்தங்கவும் வைக்கிறது.

செய்திக்கோ தொடருக்கோ இது ஒன்றுமே இல்லை.

12 மே

சாதாரணத் தரைவழி ஆன்டெனாவை எல்லோரும் மறந்துவிட்டோம் என்று ஒருவர் நினைவுபடுத்துகிறார். நியாயம். மரம் ஓரளவு ஆகும், கூட்டம் பிரச்சினையில்லை, டேட்டா வேண்டாம், மின்சாரமும் அதிகம் வேண்டாம். தரைவழி ஒளிபரப்பு இருக்கும் நாடுகளில் உள்ளூர்ச் செய்திக்கு இதைவிட மலிவான வழி இல்லை. ஊர் மாறும்போதெல்லாம் சேனல்களை மறுபடி தேட வேண்டும். கம்பிகள் எல்லாக் கூரைகளிலும் செங்குத்தாக நிற்கும் ஊரில் உங்களுடையதையும் செங்குத்தாகத் திருப்புங்கள், படுக்கையாக இருந்தால் படுக்கையாக. அக்கம்பக்கத்துக் கூரைகளே வழிகாட்டி.

17 ஜூன்

கேள்வி கேட்டவர் திரும்பி வந்திருக்கிறார். கூரையில் மைமோ ஆன்டெனாவோடு சிம் ரூட்டர், 65 செ.மீ. முக்காலி டிஷ் ஒன்று, தானியங்கி வேண்டாம் என்று முடிவாம். மகனுக்குச் சிம், அம்மாவுக்குச் செய்திச் சேனல். விற்பனையாளருக்கு வருத்தமாம்.

கேபிளை எப்படி உள்ளே கொண்டுவருவது என்று கேட்கிறார். கதவிடுக்கில் நசுக்காதீர்கள், நசுங்கிய இடத்தில் சிக்னல் திரும்பி ஓடும். ஜன்னலுக்கென்று தட்டைக் கேபிள் துண்டு விற்கிறார்கள், அவசரத்துக்கு உதவும், ஆனால் அதிலும் கொஞ்சம் இழப்பு உண்டு, ஈரம் ஏறினால் இன்னும் கூடும். வண்டியின் பக்கவாட்டில் மின்இணைப்பு மூடி இருக்கும் பெட்டிக்குள் பெரும்பாலும் ஆன்டெனா துவாரம் ஒன்றும் சேர்த்தே கொடுத்திருப்பார்கள். முதலில் அதைத் திறந்து பாருங்கள். இல்லையென்றால் தரையில் கேஸ் காற்றோட்டத்துக்காக விட்டிருக்கும் துளையை மட்டும் தொடாதீர்கள், அதை அடைக்கக் கூடாது. வேறு இடத்தில் நீர்புகா முனை வைத்து, கேபிள் நுழையும் முன் கீழ்நோக்கி ஒரு வளைவு தொங்கவிட்டு ஏற்றுங்கள். மழைநீர் அந்த வளைவிலேயே சொட்டிவிடும். கேபிள் 15 மீட்டருக்கு மேல் வேண்டாம், செம்பு நடுக்கம்பி உள்ளதாகக் கேட்டு வாங்குங்கள்.